கண் டாக்டரிடம் நாம் மழுப்பும் ஒரு பதில்: குடியும் நாற்பதைத் தாண்டிய கண்ணும்

[திரையில்: மேசை மேல் ஒரு டிவி ரிமோட். மூலையில் சிவப்பு பட்டன்.]

என் மாமாவுக்கு அப்போது 56 வயது. ஒருநாள் ரிமோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "இந்த பட்டன் நல்ல சிவப்பா இருந்துச்சே, எப்படி இப்படி வெளுத்துப்போச்சு?" என்று கேட்டார். நான் வாங்கிப் பார்த்தேன். பட்டன் வெளுக்கவே இல்லை.

அதற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் இரண்டு தடவை கண்ணாடி மாற்றியிருந்தார். ஹாலில் இன்னும் வெளிச்சமான பல்பு போடச் சொன்னார். பேப்பர் படிக்கும்போது எந்த எழுத்தை நேராகப் பார்க்கிறாரோ அதுதான் மங்குகிறது, சுற்றி இருப்பது தெரிகிறது என்பார். "வயசாகுதில்ல மாமா" என்று நாங்களும் சொல்லிவிட்டோம். கண் பரிசோதனைக்குப் போனபோது சர்க்கரை உண்டா, பி.பி. உண்டா என்று கேட்டார்கள், சரியாகப் பதில் சொன்னார். "குடிப்பீங்களா?" என்றார்கள். "எப்பவாவது" என்றார். அந்த "எப்பவாவது" 20 வருடமாகத் தினமும் ராத்திரி நடந்துகொண்டிருந்தது.

அந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்த வீடியோ.

[திரையில்: கண்ணின் குறுக்குவெட்டு. லென்ஸ், விழித்திரை, பார்வை நரம்பு ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

நாற்பது வயதுக்கு மேல் கண் தானாகவே மாறத் தொடங்கும். லென்ஸ் இறுகி வெள்ளெழுத்து வரும். போகப்போக லென்ஸில் மஞ்சள் படியும். கண்மணி சிறிதாகி, உள்ளே போகிற வெளிச்சமே குறையும். உடம்பும் மாறுகிறது. வயது ஏற ஏற உடம்பில் நீரின் அளவு குறைவதால், அதே அளவு மதுவைக் குடித்தாலும் ரத்தத்தில் அதன் அளவு கூடுதலாக ஏறும். "முப்பது வயசுல குடிச்ச அதே அளவுதான்" என்பார்கள். கிளாஸில் அது அதே அளவுதான், ரத்தத்தில் இல்லை.

குடித்த அன்றைக்கே நடப்பதை முதலில் பார்ப்போம். மது ரத்தத்தோடு நிற்பதில்லை, கண்ணீரிலும் கலக்கிறது. கருவிழி மேல் இருக்கிற மெல்லிய கண்ணீர்ப் படலம் அதனால் சீக்கிரம் உடைகிறது. ஏற்கெனவே கண் உலர்வு உள்ளவருக்கு மறுநாள் காலையில் மணல் விழுந்தது போல உறுத்தும். இரண்டு கண்ணையும் ஒரே இடத்துக்குத் திருப்புகிற தசைகளின் ஒத்துழைப்பும் தளர்ந்துவிடும், அதனால்தான் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. இருட்டில் ஒரு பொருளைப் பின்னணியிலிருந்து பிரித்தறியும் திறனும் குறைகிறது. லென்ஸ் ஏற்கெனவே மஞ்சளான 60 வயதுக்காரருக்கு இது இரட்டை நஷ்டம். இதெல்லாம் இறங்கிவிடும். மெதுவாக, சத்தமில்லாமல் நடப்பதுதான் என் கவலை.

குளுக்கோமாவைப் பற்றி ஒரு பேச்சு உலவுகிறது: குடித்தால் கண் அழுத்தம் குறையுமாம். பாதி உண்மை. குடித்த சில மணி நேரத்துக்குக் குறையும். ஆனால் குளுக்கோமா வருடக்கணக்கில் பார்வை நரம்பை அரிக்கிற நோய், சில மணி நேர இறக்கம் அதற்கு மருந்தாகாது. வழக்கமாகக் குடிப்பவர்களிடம் அழுத்தம் சற்றுக் கூடுதலாகவே காணப்படுகிறது. அந்தத் தொடர்பு பலமானது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளுக்கோமாவுக்கு பிரிமோனிடின் சொட்டு மருந்து போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மருந்தே மயக்கமும் தூக்கமும் தரக்கூடியது, மது சேர்ந்தால் அது இன்னும் கூடும்.

கண்புரை விஷயத்தில் ஆய்வுகள் நேர்க்கோட்டில் இல்லை. ஆஸ்திரேலியாவின் ப்ளூ மவுண்டன்ஸ் கண் ஆய்வில், நிறையக் குடிப்பவர்களுக்கும் குடிக்கவே குடிக்காதவர்களுக்கும் புரை அறுவை சிகிச்சை கூடுதலாகவும், கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்குக் குறைவாகவும் தெரிந்தது. இதைக் காட்டி "ஒரு கிளாஸ் ஒயின் கண்ணுக்கு நல்லது" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த மாதிரி ஆய்வுகளில் "குடிக்காதவர்" என்ற வரிசையில் வேறு நோய் வந்து குடியை விட்டவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அளவாகக் குடிப்பவர் பொதுவாக வசதியும் நல்ல சாப்பாடும் உள்ளவராக இருக்கலாம். புரைக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. புரையைத் தடுக்கிறேன் என்று நரம்பைப் பணயம் வைக்க வேண்டாம்.

[திரையில்: கட்டம் போட்ட சிறிய அட்டை. நடுவில் புள்ளி. நடுக்கோடுகள் மெல்ல வளைகின்றன.]

விழித்திரையின் நடுவில் இருக்கிற மாக்குலா தேய்வது அடுத்தது. அமெரிக்காவில் பீவர் டேம் என்ற ஊரில் 1988-ல் தொடங்கிய ஆய்வில் 43 முதல் 84 வயது வரை உள்ள கிட்டத்தட்ட 5,000 பேரைப் பார்த்தார்கள். மிக அதிகமாகக் குடிப்பவர்களிடம் இந்தத் தேய்வின் முற்றிய நிலை கூடுதலாக இருந்தது. மெல்போர்னில் நடந்த நீண்டகால ஆய்வில், தினமும் 20 கிராமுக்கு மேல் சுத்த ஆல்கஹால் உள்ளே போனவர்களுக்கு ஆரம்ப நிலைத் தேய்வுக்கான வாய்ப்பு சுமார் 20 சதவீதம் கூடுதல். 20 கிராம் என்பது பெரிய அளவு ஒன்றும் இல்லை. 40 சதவீதச் சாராய அளவு உள்ள விஸ்கியில் 60 மில்லி எடுத்தால் 19 கிராம் வந்துவிடும். 5 சதவீத பீர் என்றால் 330 மில்லியில் 13 கிராம். கையால் சாய்த்து ஊற்றும் பெக் பெரும்பாலும் 60-ல் நிற்காது. ஒரு தடவை அளவு கப்பில் ஊற்றிப் பாருங்கள். ஆனால் மாக்குலாவுக்கு மதுவைவிடப் பெரிய எதிரி புகைதான். இரண்டும் ஒரே மேசையில் உட்காருவதுதான் வழக்கம்.

சரி, மாமாவின் சிவப்பு பட்டனுக்கு வருவோம்.

[திரையில்: பார்வை நரம்பின் மெல்லிய இழைகள். சில இழைகள் மங்குகின்றன.]

விழித்திரையின் நடுப்பகுதியிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பிழைகள் மிக மெல்லியவை, ஆனால் ஓயாமல் வேலை செய்பவை. அவற்றுக்கு ஆற்றல் தடையில்லாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த ஆற்றலை உண்டாக்க பி1, பி12, ஃபோலேட் போன்ற வைட்டமின்கள் தேவை. தினமும் குடிப்பவர் சாப்பாட்டைக் குறைக்கிறார். சாப்பிடுகிற கொஞ்சத்தையும் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. கல்லீரல் சேமித்து வைப்பதும் குறைகிறது. முதலில் பட்டினி கிடப்பவை அந்த மெல்லிய இழைகள்தான். வலி இருக்காது. இரண்டு கண்ணிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடுப்பார்வை மங்கும். நிறங்கள் வெளுக்கும், குறிப்பாகச் சிவப்பு. எந்தக் கண்ணாடி போட்டாலும் தெளியாது.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். சிவப்பு நிற மூடி ஒன்றை எடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூடியை நேராகப் பாருங்கள். அப்புறம் பார்வையை அசைக்காமல் மூடியை மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். நேரே இருக்கும்போதுதான் சிவப்பு பளிச்சென்று தெரிய வேண்டும். அங்கே வெளுத்தும் பக்கத்தில் பளிச்சென்றும் தெரிந்தால், கண் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பளிச்சென்றே தெரிந்தாலும் அதை வைத்து மட்டும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம், பரிசோதனை பரிசோதனைதான்.

இந்த நரம்புப் பாதிப்பைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் ஓரளவு மீட்க முடியும். குடியையும் புகையையும் நிறுத்தி, குறைந்த வைட்டமினைக் கொடுத்து, ஒழுங்காகச் சாப்பிட வைப்பதுதான் சிகிச்சை. நாள் போய்விட்டால் நரம்பு திரும்பாது. தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தக் கூடாது. வலிப்பு வரை போகலாம். டாக்டர் துணையோடு நிறுத்துங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலைமைகளும் உண்டு. கண் தானாகத் துடித்து ஆடுகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சில் குழப்பம், போதை இறங்கியும் இதெல்லாம் தெளியவில்லை என்றால் அது பி1 தீர்ந்துபோனதன் அடையாளமாக இருக்கலாம், ஊசி மூலம் உடனே ஏற்ற வேண்டும். இன்னொன்று மெத்தனால் கலந்த சாராயம். உடம்பு மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது, அது பார்வை நரம்பின் ஆற்றலையே நிறுத்திவிடுகிறது. குடித்து 12 முதல் 24 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு பனிக்குள் நிற்பது போல எல்லாம் வெளிறும். "போதை தெளியட்டும்" என்று காத்திருக்கிற அந்த நேரத்தில்தான் கண் போகிறது, உயிரும் போகிறது. முறிவு மருந்தும் டயாலிசிஸும் இருக்கின்றன, ஆனால் மணிக்கணக்கு முக்கியம்.

[திரையில்: மறுபடி அந்த ரிமோட்.]

மாமாவை இரண்டாவது தடவை அழைத்துப் போனபோது அத்தையும் கூட வந்தார். டாக்டர் அதே கேள்வியைக் கேட்டதும் மாமா வாய் திறப்பதற்குள் அத்தை சொன்னார்: "தினமும் சார். ராத்திரி மூணு பெக். சாப்பாடு ரெண்டு வாய்." அறைக்குள் யாரும் அவரைத் திட்டவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டார். ரத்தப் பரிசோதனையில் பி12-ம் ஃபோலேட்டும் அடியில் கிடந்தன. ஊசி, மாத்திரை, குடியை விட ஒரு தனி டாக்டர். மூன்று மாதம் ஒரு மாற்றமும் இல்லை. ஐந்தாவது மாதம் பேப்பரில் தலைப்பைத் தாண்டி உள்ளே இருக்கிற செய்தியையும் படிக்க ஆரம்பித்தார்.

போன வாரம் ரிமோட்டை நீட்டிக் கேட்டேன். வலது கண்ணில் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறதாம். இடது கண்ணில் இன்னும் கொஞ்சம் வெளுப்புதான்.