கூண்டு ஏற்றாத சண்டை

நேயர்களுக்கு வணக்கம். என்ன தலைப்பில் பேசப் போகிறீர்கள் என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். "சண்டையைச் சமன் செய்வது" என்றேன். மறுமுனையில் சற்று மௌனம். பிறகு, "எந்த ஊரில் சண்டை?" என்று வந்தது. ஊர்ச்சண்டை இல்லை, பயப்பட வேண்டாம். என் வீட்டுத் திண்ணையில், மேசைமேல், பகடை உருட்டி நடக்கும் சண்டை.

நான் பாம்பனில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். எஞ்சினைப் பிரிக்க அதுதான் நேரம் என்பதால் எனக்குத் தலை நிமிர முடியாது. ஞாயிறு சாயங்காலம் மட்டும் கையைக் கழுவிவிட்டுக் கதை சொல்ல உட்காருவேன். சிங்கப்பூரிலிருந்து வந்த மருமகன் விட்டுப்போன பகடைகளும் புத்தகங்களும்தான் இதற்கெல்லாம் காரணம். ஆட்டத்தின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974இல் வெளிவந்தது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக அதற்குள் வாழ்வார்கள். வெட்டினேன் என்று சொன்னால் போதாது, இருபது முகப் பகடையை உருட்டி வெட்டு விழுந்ததா என்று பார்க்க வேண்டும். தாயம் ஆடிய கைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் போதுமாக இருந்தது.

எங்கள் மேசையில் நான்கு பேர். ஓய்வுபெற்ற படகோட்டி ஒருவர், நர்ஸ் படிப்பு படிக்கும் பெண், ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் தம்பி, அவருடைய மனைவி. முதல் ஞாயிறன்றே நான்கு பேரையும் கொன்றுவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. கணக்குப் போட்டுத்தான் செய்தேன். கோப்ளின் என்று ஒரு குள்ளப் பிராணி. 2014ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அதற்கு உயிர்ப்புள்ளி வெறும் 7, கொன்றால் கிடைக்கும் அனுபவப்புள்ளி 50. நான்கு கோப்ளின் என்றால் 200. ஆட்டம் தொடங்கும் முதல் நிலையில் உள்ள நான்கு பேருக்கு 200 என்பது நடுத்தரச் சண்டை. நோட்டில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். அடுத்த பத்தியைப் படிக்கவில்லை. எதிரிகள் மூன்று முதல் ஆறு பேராக வந்தால் கூட்டுத்தொகையை இரண்டால் பெருக்கிப் பார்க்க வேண்டும். 400 ஆகிறது. அந்த நான்கு பேருக்கு 400தான் உயிருக்கே ஆபத்து என்ற எல்லை.

ஏன் பெருக்க வேண்டும்? எஞ்சின் வேலை செய்பவனுக்கு ஏன் என்று தெரியாமல் இருப்புக் கொள்ளாது. பிரித்துப் பார்த்தேன். கவச எண் (அடி விழ எட்ட வேண்டிய எண்) 15 உள்ள ஆளைக் கோப்ளின் அடிக்க, அதன் கைத்திறனுக்குக் கூட்டுவது போகப் பகடையில் 11 விழ வேண்டும், அதாவது பாதிக்குப் பாதி. நான்கு கோப்ளின் ஒரு சுற்றில் நான்கு அடி ஓங்கும், இரண்டு விழும். ஒரு அடிக்குச் சராசரி ஐந்தரை, ஆக சுற்றுக்கு 11 புள்ளி. எங்கள் மந்திரவாதிக்கு இருந்ததோ 8. எல்லாம் அவர் பக்கமே திரும்பினால் முதல் சுற்றிலேயே ஆள் காலி. அவர் சாய்ந்ததும் அவருடைய முறையும் சாய்கிறது. இப்போது நான்குக்கு மூன்று. அடுத்து நான்குக்கு இரண்டு. பாசி பிடித்த படியில் வழுக்கிய மாதிரி, முதல் படிக்குப் பிறகு நிறுத்த முடியாது.

அடுத்த வாரம் புத்திசாலித்தனமாக ஒரே ஒரு ஓகரை இறக்கினேன். பெரிய தடியன், 59 உயிர்ப்புள்ளி. அதே கவசத்தின்மேல் இவனுடைய அடி நூற்றுக்கு அறுபது விழும், சராசரி 13. சுற்றுக்கு எட்டுப் புள்ளிக்கும் குறைவுதான்; நான்கு குள்ளர்களைவிடக் குறைச்சல்! ஆனால் கோப்ளின் ஒவ்வொன்றாகச் சாகச் சாக அடி குறையும். ஓகரிடம் ஒரு புள்ளி மிஞ்சியிருந்தாலும் தடி அதே வேகத்தில் இறங்கும். 8 புள்ளி உள்ள ஆள்மேல் 16 இறங்கினால் மயக்கம்கூடக் கிடையாது, நேரே மரணம். விழும் அடியில் ஏறக்குறைய நான்கில் ஒன்று அப்படி. இரக்கப்பட்டு நடுவிலேயே அவன் புள்ளியைக் கொஞ்சம் குறைத்து, 50இல் சாய்த்துவிட்டேன். நர்ஸ் படிக்கும் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணே, நாங்கள் அடித்தது 50தான், இவன் இன்னும் நிற்க வேண்டும். நீங்கள் தப்பாகக் கூட்டிவிட்டீர்கள். அல்லது வேண்டுமென்றே விட்டுவிட்டீர்கள்." அன்றிலிருந்து மேசை நடுவில், எல்லார் கண் முன்னும்தான் உருட்டுகிறேன்.

பாத்திரங்கள் ஐந்தாம் நிலைக்கு வளர்ந்ததும் பிரச்சினை தலைகீழானது. எவ்வளவு பெரிய ஒற்றைப் பூதமும் இரண்டாவது சுற்றைப் பார்க்கவில்லை. அவன் ஒருமுறை அசைவதற்குள் இவர்கள் நான்குமுறை அசைகிறார்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை வைத்தது எதற்கு? குதிரைத்திறனைக் குறைக்க முடியாது, நாளைப் பங்கு போடலாம். புத்தகக்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். டிராகன் போன்ற பெரிய பிராணிகள் மற்றவர்களின் முறை முடியும் இடங்களில் ஒரு சுற்றுக்கு மூன்று தடவை வரை கூடுதலாக அசையலாம். இன்னொன்றும் உண்டு. ஒரு நாளில் ஆறு முதல் எட்டுச் சண்டை வரும் என்று எண்ணித்தான் 2014 புத்தகத்தின் கணக்கு. நாங்கள் ஞாயிறுக்கு ஒன்று போடுகிறோம். ஒரே ஒரு தடவை வலை வீச டேங்க் நிறைய டீசல் கொண்டுபோனால் யார் சிக்கனம் பார்ப்பார்கள்? மந்திரவாதி முதல் சுற்றிலேயே எல்லா மந்திரத்தையும் கொட்டிவிடுகிறார்.

2024இல் திருத்திய பதிப்பு வந்தது; பெருக்கல் வாய்ப்பாட்டை எடுத்துவிட்டார்கள். அதே 200 அங்கே லேசான சண்டை. வேகமாகக் கணக்குப் போட வசதிதான். நான் மட்டும் இன்னும் பென்சிலால் ஓரத்தில் பெருக்கிப் பார்க்கிறேன். நான்கு பிணம் பார்த்தவன்.

இத்தனை கணக்குக்கும் பிறகு எனக்கு விளங்கியது வேறு. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். ஒன்று முதல் பதினொன்று வரை எண். அந்த எண் கடலை அமைதியாக்குவதில்லை. போகலாமா, படகை இழுத்துக் கட்டலாமா என்று யோசிக்க நேரம் கொடுக்கிறது. முதல் ஞாயிறு நான் போட்ட கணக்கு தப்பு என்பது சின்னக் குற்றம். சரியாகவே போட்டிருந்தாலும் அந்த எண் என் நோட்டுக்குள் மூடிக் கிடந்திருக்கும். கம்பத்தில் கூண்டு இல்லாமல் அவர்களைக் கடலுக்கு அனுப்பினேன்.

இப்போது கூண்டு ஏற்றுகிறேன். எண்ணைச் சொல்வதில்லை. கரையில் பாதி கடித்த சுறா கிடக்கும். கிழித்த வாயின் அகலத்தைக் கையால் காட்டுவேன். போன மாதம் ஒரு தீவில் பதினைந்து கோப்ளின்கள் ஓலைக் குடிசைகளில் இருந்தன. பதினைந்தானால் நான்கால் பெருக்க வேண்டும். ஐந்தாம் நிலைக்கும் அது லேசு இல்லை. ஆகவே முன்னதாகவே புகையும் முரசுச் சத்தமும் கேட்கும்படி வைத்தேன். படகோட்டி பகடையைத் தொடவில்லை.

"காற்று எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

நான் யோசித்தே இருக்கவில்லை. வாய்க்கு வந்தபடி, "கச்சான்" என்றேன், அதாவது மேற்குக் காற்று.

"அப்படியானால் மேற்கே சுற்றிப் போய் முதல் குடிசையைக் கொளுத்துவோம். மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும்."

நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிய சண்டை பத்து நிமிடத்தில் முடிந்தது. எதிரிகள் கிழக்குக் கரையில் இருந்த தோணிகளில் ஏறி ஓடினார்கள். ஓடவிட்டேன். 1981ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே எதிரியின் மனத்தைரியத்துக்கு இரண்டு பகடை உருட்டும் விதி இருக்கிறது. சாகும்வரை நின்று அடிக்க அவர்களுக்கு மட்டும் என்ன வேண்டுதலா?

அந்தத் தீவின் குகைக்குள் இன்னொன்று இருந்தது. வாசலில் கிடந்த எலும்பைக் காட்டினேன். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வைத்தியர் வேடத்தில் இருந்த பெண் எலும்பின் தடிமனைக் கேட்டாள். என் தொடையைத் தட்டிக் காட்டினேன். கயிறும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு வருகிறோம் என்று சொல்லிப் படகைத் திருப்பிவிட்டார்கள். நான்கு ஞாயிறு ஆகிறது, கயிறு வாங்கியாகிவிட்டது, எண்ணெய்க்கு இன்னும் பேரம் நடக்கிறது. அந்தப் பிராணி என் நோட்டின் பதினான்காம் பக்கத்தில் பட்டினியாகக் கிடக்கிறது.