வால் மட்டும் ஓடுது

மதுரை நேயர்களுக்கு வணக்கம். நான் சோழவந்தான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியாரா இருந்து ரிட்டயர்டு ஆனவன், சர்வீஸ் பூரா ஆரப்பாளையத்துல பஸ் ஏறித்தான் போய்ட்டு வந்தேன், அதனால பேசக் கூப்பிட்டப்ப வேற ஒண்ணும் தோணல, பஸ்ஸுங்கிற வார்த்தையப் பத்தியே பேசிர்றேன்னு சொல்லிட்டேன்.

பஸ்ஸுங்கிறது முழு வார்த்தையே கிடையாதுங்க, வெறும் வாலு. முழுப்பேரு ஆம்னிபஸ், லத்தீன் வார்த்தை. 'ஆம்னி'ங்கிறது 'எல்லாம்'ங்கிற பகுதி, கடைசில ஒட்டியிருக்குற 'பஸ்' நம்ம நாலாம் வேற்றுமை உருபு 'கு' செய்யிற வேலையச் செய்யுது. ஆக ஆம்னிபஸ்ஸுன்னா 'எல்லாருக்கும்'. இங்கிலீஷ்காரங்க 1830கள்ல பேரச் சுருக்குறேன்னு எல்லாரையும் இறக்கி விட்டுட்டு 'க்கு'வ மட்டும் வச்சுக்கிட்டாங்க. "ஏண்ணே, பெரியார் போற க்கு போயிருச்சா?"ன்னு நாம கேட்டா எப்படி இருக்கும், அதான் இது.

வண்டிக்கு இந்தப் பேரு வந்தது பிரான்ஸ்ல. நாந்த்ங்கிற ஊர்ல 1826 வாக்குல போத்ரின்னு ஒருத்தரு ஊருக்கு வெளிய வெந்நீர்க் குளியல் கூடம் வச்சிருந்தாரு, குளிக்க ஆள் வரணுமேன்னு குதிரை வண்டி விட்டாரு, ஏறுன சனமோ குளிக்கவா வந்துச்சு, வழியிலயே அவங்கவங்க சோலியப் பாக்க இறங்கிப் போயிருச்சு. மனுசன் கெட்டிக்காரரு, குளியல விட்டுட்டு வண்டியவே தொழிலாப் புடிச்சுக்கிட்டாரு. அந்த வண்டி நின்ன எடத்துல ஆம்னேஸ்னு ஒருத்தரு தொப்பிக்கடை வச்சிருந்தாரு, தன் பேரோட சேத்து 'ஆம்னேஸ் ஆம்னிபஸ்'னு போர்டு மாட்டியிருந்தாரு, அதுல இருந்துதான் பேரு வந்துச்சுன்னு ஒரு கதையும் உண்டு, நம்மூரு ஸ்தல புராணம் மாதிரி கேட்டுக்கிற வேண்டியதுதான். 1829ல ஷிலிபியர்ங்கிறவரு லண்டன்ல மூணு குதிரை பூட்டி, 22 பேர் உக்கார்ற வண்டி விட்டாரு.

அப்புறம் அந்த வாலு எங்கெங்கயோ போயி ஒட்டிக்கிருச்சு. சப் ஸ்டேசன்ல தடியா அலுமினியப் பட்டை கெடக்கும், எல்லா லைனும் அதுல இருந்துதான் கரண்ட் எடுக்கும், ஈபில இருக்குற என் மச்சான் அத பஸ்பார்னுதான் சொல்லுவாரு. கம்ப்யூட்டருக்குள்ள டேட்டா போற பாதைக்கும் பஸ்ஸுன்னு பேரு. ரெண்டுலயும் அந்தப் பழைய 'எல்லாருக்கும்' அப்படியே இருக்கு பாருங்க.

மாட்டுத்தாவணிக்கு வருவோம். கவர்மென்ட் பஸ்ஸு ஒரு பக்கம், பக்கத்துலயே ஆம்னி பஸ் ஸ்டாண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரைவர் போக ஆறு பேருக்கு மேல ஏத்துற எந்த வண்டியும் ஆம்னிபஸ்தான், அப்படிப் பாத்தா படிக்கட்டுல தொங்கிட்டுப் போற நம்ம டவுன் பஸ்ஸும் ஆம்னிதான். ஆனா நாம என்ன செஞ்சோம், 'எல்லாருக்கும்'ங்கிற முழுப்பேரத் தூக்கி ஏசி ஸ்லீப்பருக்குக் குடுத்துட்டோம். போன தீபாவளிக்கு மெட்ராஸ்ல இருந்து மகன் வர்றதுக்கு அதுல கேட்ட ரேட்டு இருக்கே, எனக்கு லத்தீனே மறந்து போச்சு, அவன் கெளாம்பாக்கத்துல கவர்மென்ட் பஸ்ஸப் புடிச்சு கால் வீங்க வந்து சேந்தான்.

இந்தக் கதைய ஒருக்கா ஒம்பதாம் வகுப்புல வேற்றுமை நடத்தறப்ப சொல்லிப்புட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் ஸ்டாப்ல நிக்கிறேன், ரோட்டுக்கு அங்கிட்டு இருந்து ஒரு பய கத்துறான்: "சார், ஓடியாங்க, உங்க க்கு வந்துருச்சு!"