காகிதத்தில் வரையப்படாத கார்

நேயர்களுக்கு வணக்கம். 1968 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஒரு கார் வெளிவந்தது. ஜாகுவார் எக்ஸ்ஜே6. ஆட்டோமொபைல் பாடம் நடத்தியே காலம் கழித்தவன் நான். நான்கு கதவு கார்களில் இதற்கு மிஞ்சியது இல்லை என்று மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி வந்திருக்கிறேன். இன்று உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் சத்தம். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது கவனித்திருப்பீர்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும், கம்பியைப் பிடித்த கை அதிரும். முன்னால் இருக்கும் இன்ஜினின் அதிர்வு கடைசி இருக்கை வரை எப்படி வருகிறது? இரும்பும் இரும்பும் இறுகச் சேர்ந்திருக்கும் இடமெல்லாம் அதற்கு வழிதான். அந்த வழியை மறிப்பதையே தன் தொழிலாகக் கொண்டவர் ஜாகுவாரின் பொறியாளர் பாப் நைட்.

எக்ஸ்ஜே6 காரில் முன்சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு தனியான ஓர் இரும்புச் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கும் காரின் உடலுக்கும் நடுவே ரப்பர். பின்சக்கரங்களுக்கும் அப்படியே. ரப்பர் வைக்க யாருக்கும் தெரியும். எவ்வளவு இளக்கமான ரப்பர் என்பதில்தான் சங்கடம். இளக்கம் கூடினால் வளைவில் கார் சொன்னபடி கேட்காது. இறுக்கினால் சாலையின் கரகரப்பு உள்ளே வந்துவிடும். நைட் இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்க மறுத்தார். திருப்தி வரும்வரை மாற்றி மாற்றிச் சோதித்தார். டயரைக்கூட இந்தக் காருக்கென்றே டன்லப் நிறுவனம் உருவாக்கிக் கொடுத்தது. இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை வைத்த ரோல்ஸ்ராய்ஸோடு வைத்துப் பேசும் அளவுக்கு அமைதியான கார் கிடைத்தது. எல்லாம் அந்த ரப்பர்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அதன் உருவம். இங்கே ஜாகுவாரை உருவாக்கிய வில்லியம் லயன்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1922இல், 21 வயதில், பிளாக்பூல் நகரில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கவண்டி செய்யத் தொடங்கியவர். பிறகு கார்களுக்கு உடல் கட்டினார்; 1928இல் கவென்ட்ரிக்குத் தொழிலை மாற்றினார். ஓவியம் படித்தவர் அல்லர். வரைபடம் போட்டு வேலை வாங்கும் வழக்கமும் அவரிடம் இல்லை.

தச்சுப் பட்டறையில் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் தகட்டைத் தட்டிப் பொருத்தி, முழு அளவில் ஒரு மாதிரியைச் செய்யச் சொல்வார். பக்கத்தில் நின்று பார்ப்பார். "இந்தக் கோடு கொஞ்சம் இறங்கட்டும்" என்பார். தொழிலாளி தகட்டைக் கழற்றித் தட்டி மறுபடி மாட்டுவார். லயன்ஸ் மறுபடி பார்ப்பார். நாள்கணக்காக, வாரக்கணக்காக இது நடக்கும். அதோடும் விடமாட்டார். பட்டறைக்குள் பார்க்கும் கார் வேறு, வீட்டு வாசலில் நிற்கும் கார் வேறு என்பது அவர் கணக்கு. ஆகவே அந்த மாதிரியை வாப்பன்பரி ஹால் என்ற தன் வீட்டுக்கு ஏற்றி வரச் செய்வார். வாசலில், பகல் வெளிச்சத்தில், தூரத்தில் நின்று பார்ப்பார், அருகில் வந்து பார்ப்பார். மனைவியிடமும் கருத்துக் கேட்பார். வாங்குகிறவர் அந்தக் காரை அப்படித்தானே பார்க்கப்போகிறார்!

எக்ஸ்ஜே6 காரின் பின்சக்கரத்துக்கு மேலே உடல் மெல்ல எழும்பி, பின்பக்கம் நோக்கித் தழைந்து இறங்கும். படம் கிடைத்தால் அந்த இடத்தை மட்டும் பாருங்கள். அளவுகோல் வைத்து அதைச் சொல்ல முடியாது. நின்று பார்த்த கண்தான் அதைச் சொல்லும். லயன்ஸ் முழுப் பொறுப்பெடுத்து உருவாக்கிய கடைசி செடான் கார் இது. 1972இல் ஓய்வுபெற்றார்.

இன்ஜினின் கதை இன்னும் பழையது. இரண்டாம் உலகப் போரில் கவென்ட்ரி மீது குண்டு விழுந்துகொண்டிருந்தது. 1940 நவம்பர் 14 இரவு நகரமே எரிந்தது. ஆலைகளில் இரவெல்லாம் தீக்காவல் இருக்க வேண்டும். லயன்ஸ் தன் முக்கியப் பொறியாளர்களான வில்லியம் ஹெய்ன்ஸ், வால்டர் ஹாசன், கிளாட் பெய்லி ஆகியோரை ஒரே இரவில் சேர்த்துக் காவலுக்குப் போட்டார். நெருப்பைக் கவனித்த நேரம் போக, போர் முடிந்த பின் செய்யவேண்டிய இன்ஜினைப் பற்றி அவர்கள் பேசினார்கள். ஆறு சிலிண்டர், மேலே வால்வுகளைத் திறக்கும் இரண்டு தண்டுகள் (கேம்ஷாஃப்ட்), சிலிண்டர்களுக்கு அலுமினிய மூடி. 1948இல் எக்ஸ்கே என்ற பெயரில் அது வந்தது. 1951 முதல் 1957 வரை லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஐந்து முறை வென்ற ஜாகுவார் கார்களில் இருந்தது இதுவே. சத்தமே கேட்காத எக்ஸ்ஜே6 காரில் இருந்ததும் இதே வம்சம்தான். பந்தயம் வென்ற இன்ஜினை வரவேற்பறைக்குள் வைத்து, அங்கே உறுமாமல் பார்த்துக்கொண்டது எது? மறுபடியும் அந்த ரப்பர்தான்!

1970களின் கதையை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். 1972இல் 12 சிலிண்டர் எக்ஸ்ஜே12 வந்தது. அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி. பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெருங்கூட்டுக்குள் ஜாகுவார் சிக்கியிருந்த காலம் அது. பெயின்ட் சரியில்லை, துரு பிடிக்கிறது என்று குறைகள் குவிந்தன. 1980இல் தலைமைக்கு வந்த ஜான் ஈகன் தரத்தைத் திருத்தினார். 1984இல் ஜாகுவார் மீண்டும் தனி நிறுவனமானது. பிறகு ஃபோர்டிடம் போனது. 2008இல் நம் டாடா மோட்டார்ஸ் வாங்கியது. எக்ஸ்ஜே என்ற பெயரில் கடைசிக் கார் 2019 ஜூலையில் வெளிவந்தது. 1986இல் வந்த எக்ஸ்ஜே40 பற்றித் தனியாகவே ஓர் உரை வேண்டும். அழைத்தால் வருகிறேன். வணக்கம்.