படியேறி வருபவருக்கு ஒரு பெயர்

(திரையில்: சுங்கை சிப்புட் கடைவீதி. இரண்டு மாடிக் கடைகளின் வரிசை. கேமரா ஒரு குறுகலான மாடிப்படியின் முன் நிற்கிறது.)

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் மாதிரியான ஒரு ரப்பர் தோட்டத்து ஊரில் தன்வளர்ச்சித் தெரப்பி மையம் திறக்கப் போகிறீர்களா? பெயரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இந்த மாடிப்படியைக் கொஞ்சம் பாருங்கள். கீழ்த்தள வாடகை கட்டுப்படியாகாது என்றால் உங்கள் மையம் மாடியில்தான் அமையும். கீழே மளிகைக் கடை. எதிரே ஒட்டுக்கடை. அங்கே தேநீர் ஆற்றிக்கொண்டிருப்பவருக்கு இந்த வட்டாரத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்பது மனப்பாடம். உங்களைத் தேடி வரும் பெண் முதல் படியில் கால் வைத்ததுமே ஒரு குரல் கேட்கும்: "என்னம்மா, மேலே என்ன வேலை?"

அந்தக் கேள்விக்கு அவர் கூசாமல் சொல்லக்கூடிய பதில்தான் உங்கள் மையத்தின் பெயர். கோலாலம்பூரில் இந்தக் கவலை குறைவு. அங்கே பக்கத்து வீட்டுக்காரரையே பலருக்குத் தெரியாது. இங்கே தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டுத் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்த பிறகும், ஒரே பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள்கணக்கெடுப்பில், நின்ற குடும்பங்கள் ஒரே தெருவில்தான் இருக்கின்றன.

(திரையில்: மூன்று மாதிரிப் பெயர்ப் பலகைகள், ஒன்றன்பின் ஒன்றாக.)

முதலில் எல்லோருக்கும் தோன்றும் பெயர்களைப் பார்ப்போம். "மனவளர்ச்சி மையம்." காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் தமிழர் காதில் "குன்றிய" என்ற அடுத்த சொல்லும் தானாகவே ஒலித்துவிடும். சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளி என்று நினைத்துப் பெற்றோர் வருவார்கள். நீங்கள் எதிர்பார்த்தவர்கள் வரமாட்டார்கள். "சுயமுன்னேற்ற மையம்" என்று வைத்தால் கோட்டு அணிந்த ஒருவர் மேடையில் கைதட்டச் சொல்லும் காட்சி நினைவுக்கு வரும். நேரடி விற்பனைக் கூட்டங்களுக்குப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் இந்தப் பக்கமே திரும்பமாட்டார்கள். மூன்றாவது, "தெரப்பி" என்று மொட்டையாகப் போடுவது. மலேசியக் கடைவீதிகளில் "தெராப்பி" என்று எழுதிய பலகைகளில் பல உடம்பு பிடித்துவிடும் இடங்களுக்கு உரியவை. கால் வலிக்கு எண்ணெய் தேய்க்க எவ்வளவு என்று கேட்டு ஒருவர் படியேறி வந்தால் அவர்மேல் குற்றமில்லை.

தமிழில் தேறிய பெயரை அடுத்து மலாய் காதுக்கும் கேட்கவைக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் பலகையை மலாய்க்காரரும் சீனரும் படிப்பார்கள். ரோமன் எழுத்தில்தான் படிப்பார்கள். மனத்தோடு தொடர்புள்ள தொழிலுக்கு "மதி" என்ற பெயர் யாருக்கும் சட்டென்று தோன்றும். மலாய்க்காரர் அதை "மாத்தி" என்று வாசிப்பார். அவர் மொழியில் அது சாவு. "துளிர்" அழகான பெயர்தான். கடைசி எழுத்தைக் கவனிக்காமல் வாசித்தால் "தூலி", அதாவது காது கேளாதவர். உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு இதைவிடப் பொருந்தாத பெயர் கிடைக்காது. "நிலா" என்றால் மலாயில் அவுரி நீலம். ஒரு துளி நீலத்தால் ஒரு பானைப் பால் கெட்டது என்ற பழமொழியை அங்கே பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள்.

ஆகவே பெயரை முடிவு செய்யும் முன் ஒரு மலாய் நண்பரிடமும் ஒரு சீன நண்பரிடமும் தாளில் எழுதிக் காட்டுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். அவர்கள் உரக்க வாசிக்கட்டும், நீங்கள் முகத்தைப் பாருங்கள்.

(திரையில்: நான்கு சொற்கள். ஒவ்வொன்றின் மீதும் சிவப்புக் கோடு.)

சில சொற்களை நீங்கள் விரும்பினாலும் சட்டம் விடாது. 1998ஆம் ஆண்டின் கவுன்சலர்கள் (மன ஆலோசகர்கள்) சட்டம், அதாவது 580ஆவது சட்டம், கவுன்சலர் வாரியத்தில் பதிந்து தொழில் சான்றிதழ் வைத்திருப்பவரை மட்டுமே கவுன்சலராகத் தொழில் செய்ய அனுமதிக்கிறது. மூன்று நாள் பயிற்சி முகாமில் கிடைத்த சான்றிதழ் இதற்குப் போதாது. "கிளினிக்" என்ற சொல் தனியார் சுகாதார வசதிகளுக்கான 586ஆவது சட்டத்தின் பிடியில் இருக்கிறது. மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும். மனச்சோர்வைக் குணப்படுத்துகிறோம் என்ற வரியைப் பெயருக்குக் கீழே சேர்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். நோய் தீர்ப்பதாகச் சொல்லும் விளம்பரங்களை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

இந்தச் சட்டங்கள் தொல்லை கொடுக்க வந்தவை என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடன், குடி, பிள்ளையின் படிப்பு என்று மனம் நொந்து வருபவருக்கு, எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ளப் பலகையை விட்டால் வேறு வழி இல்லை.

அப்படியானால் எப்படிப்பட்ட பெயர்? என் கருத்தில், செய்யும் வேலையைச் சொல்லாமல் இடத்தைச் சொல்லும் பெயர் இந்த ஊர்களுக்கு நன்றாகப் பொருந்தும். ஓர் எடுத்துக்காட்டு: "அஞ்சடி." கடைகளின் முன்னால் கூரை போட்டு ஓடும் அந்த நடைபாதைதான். மழைக்கு ஒதுங்குவது அங்கே. பஸ் வரும்வரை நின்று பேசுவதும் அங்கே. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். "மேலே என்ன வேலை?" என்றால் "அஞ்சடிக்கு வந்தேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போகலாம், அதில் நோயும் இல்லை, மருந்தும் இல்லை. ரோமன் எழுத்தில் வாசிக்கும் மலாய்க்காரர் கண்ணில் "ஜாடி" என்ற பகுதி படலாம். அவர்கள் மொழியில் அதற்கு "ஆகுதல்" என்று பொருள். தன்வளர்ச்சிக்கு அது கெடுதல் செய்யாது. இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. ஏற்கெனவே யாராவது பதிந்திருக்கிறார்களா என்பதை நீங்கள்தான் தேட வேண்டும்.

உங்கள் சொந்தப் பெயரையே வைக்கலாமே என்று கேட்கலாம். எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தில் அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே வணிகத்தைப் பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட்தான்; வணிகப் பெயர் என்றால் 60. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். ஊரில் நீங்கள் பல காலம் ஆசிரியராக இருந்தவர் என்றால் சொந்தப் பெயர் நல்ல முதல். ஆனால் உங்கள் அண்ணன் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் அந்தப் படியை மிதிக்கமாட்டார்கள். சின்ன ஊரில் இதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

(திரையில்: இலச்சினை மாதிரிகள். தாமரை. மரம் முளைக்கும் தலை. வண்ணத்துப்பூச்சி.)

இனி இலச்சினை. தாமரையும் தியானத்தில் அமர்ந்த உருவமும் யோகா வகுப்பையோ கோயிலையோ நினைவூட்டும். முஸ்லிம், கிறிஸ்துவ வாடிக்கையாளர்கள் தங்களுக்கான இடம் இல்லை என்று ஒதுங்கலாம். தலைக்குள் மரம் வளரும் படத்தை எத்தனை இடங்களில் பார்த்திருப்பீர்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தோட்டத்து ஊர் என்பதால் இன்னொரு படம் மனத்தில் வரும். பால் மரம், அதாவது ரப்பர் மரம். சரிவாக ஓடும் வெட்டு, அதன் அடியில் கோப்பை. வெட்டிய பட்டை மீண்டும் வளரும், அதையே மறுபடியும் வெட்டலாம். வளர்ச்சிக்கு இதைவிட நல்ல உருவம் உண்டா என்று வடிவமைப்பாளர் உற்சாகமாகச் சொல்வார். நான் வேண்டாம் என்பேன். விடியும் முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை பிடித்துப் பால் வெட்டிய அம்மாவுக்கு அது கலைப்படம் அல்ல. வெட்டினால் பால் வரும், பட்டை வளர்ந்தால் திரும்பவும் வெட்டுவார்கள் என்பதுதான் அவருக்குத் தெரிந்த பொருள். ஆறுதல் தேடி வருபவரை வாசலிலேயே கத்தியோடு வரவேற்க வேண்டுமா?

அஞ்சடி என்ற பெயருக்கு மூன்று தூண்களும் மேலே ஒரு கோடும் போதும். கறுப்பு மையில் சாப்பு, அதாவது ரப்பர் முத்திரை, குத்தினாலும் தெரியும், வாட்ஸ்அப்பின் சின்ன வட்டத்துக்குள்ளும் தெரியும். எந்த இலச்சினையானாலும் இந்த இரண்டு இடங்களில் வைத்துப் பாருங்கள். தமிழ் எழுத்து இருந்தால் புள்ளியைக் கவனியுங்கள். சிறிதாக்கும்போது முதலில் காணாமல் போவது அதுதான்.

(திரையில்: "தோட்டம்" என்ற சொல். அடுத்து, இரட்டைக் கொம்பு வட்டத்தோடு தனியே கழன்று நிற்கும் அதே சொல்: "ேதாட்டம்".)

பதாகை அச்சிடும் கடையில் நடக்கும் விபத்து இது. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் திறக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். தமிழ் தெரியாத ஊழியருக்கு வித்தியாசம் தெரியாது. ஏழு அடி பலகை வந்து இறங்கிய பிறகுதான் உங்களுக்குத் தெரியும். எழுத்துருவுக்குப் பஞ்சம் என்று காரணம் சொல்ல முடியாது. எழுத்துரு வடிவமைப்பாளர் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய நாடு இது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற எழுத்துருக்கள் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசம். வழி எளிது: தமிழ்ச் சொல்லை நீங்களே சரியாக அமைத்து, எழுத்துகளைக் கோட்டோவியமாக மாற்றிய கோப்பாகக் கொடுங்கள். கடைக்காரர் தட்டச்சுச் செய்யும் வேலையே இருக்கக்கூடாது.

பலகையில் தேசிய மொழியான மலாய்தான் முதன்மையாக இருக்க வேண்டும். மலாய் வாசகத்துக்கு அரசின் மலாய் மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவிடம் மொழிச் சரிபார்ப்பு வாங்கி, கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் விளம்பர உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சுங்கை சிப்புட் அதன் எல்லைக்குள்தான் வருகிறது. தமிழை இரண்டாம் வரியில் அளவாக வையுங்கள்.

எஸ்.எஸ்.எம். பதிவு கிடைத்துவிட்டால் பெயர் நமக்கே சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வணிகப் பதிவு மட்டுமே. பெயரின் மீது உரிமை வேண்டுமானால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் வணிகச் சின்னமாகப் பதிய வேண்டும். ஆயத்தப் பட்டியலில் உள்ள சேவைகளைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு சேவைப் பிரிவுக்கு, 950 ரிங்கிட். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். உளவியல் சேவைக்கு 44ஆம் வகுப்பு, பயிற்சிப் பட்டறைகளுக்கு 41ஆம் வகுப்பு. கேன்வா என்ற வடிவமைப்புத் தளத்தின் ஆயத்தப் படங்களை வைத்துச் செய்த இலச்சினையை இங்கே கொண்டுபோகாதீர்கள். அதே படத்தை ஆயிரம் பேர் பயன்படுத்தலாம் என்பதால் அது உங்களுக்கு மட்டும் உரியதாகாது. ஒருவருக்குப் பணம் கொடுத்து வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் உரிமையை வரையச் சொன்னவருக்கே தருகிறது. இருந்தாலும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள்.

(திரையில்: வரிசை எண்களோடு ஒரு தாள்.)

மைஐபிஓ தளத்தில் பெயரைத் தேடுங்கள், பிறகு எஸ்.எஸ்.எம்., பிறகு இலச்சினை, பிறகு உரிமம். உரிமம் கைக்கு வந்த பிறகே பலகைக்கு முன்பணம் கொடுங்கள்.