சாலை வளைவும் சாட்சிக் கூண்டும்

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, ஜமாத் தலைவர் அவர்களே, பூசையை முடித்த கையோடு வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, மைக்செட்டைக் காசு வாங்காமல் கட்டிக்கொடுத்த தம்பிமார்களே, கடலுக்குப் போகும் நேரத்தைத் தள்ளிவைத்து வந்திருக்கும் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம். ஆய்வாளர் ஐயா பாம்பனில் பணி என்று தகவல் அனுப்பியிருக்கிறார். அவருக்கும் நன்றி.

சாலை விபத்தைப் பற்றி, சட்டம், சாட்சி, நஷ்டஈடு என்று மூன்று விஷயம் பேச வந்தேன். ‘பதறாத காரியம் சிதறாது’ என்பார் எங்கள் அப்பத்தா. வண்டி ஓட்டுகிறவருக்கும் அதுதான், வழக்கு நடத்துகிறவருக்கும் அதுதான்.

முதலில் சட்டம். கவனக்குறைவாக ஓட்டி உயிரைப் பறித்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறைதான். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 106(1) பிரிவு வந்தது. 5 ஆண்டு வரை கொடுக்கலாம். இடித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு என்ற உட்பிரிவை, லாரி ஓட்டுநர்கள் போராடியதால் அப்போது நிறுத்திவைத்துவிட்டார்கள்.

சரி, தண்டனை கூடிவிட்டது. குற்றத்தை நிரூபிக்க வேண்டுமே?

நானே ஒரு வழக்கில் சாட்சி. நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வளைவு. விடியக்காலை 5 மணி. மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நின்ற அக்காவை ஒரு வேன் அடித்துத் தூக்கியது. கூடை ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். ஓடிப்போய்த் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். தண்ணீர் கேட்டார். கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

மூன்று வருடம் கழித்து சம்மன் வந்தது. கூண்டில் ஏறினேன்.

“வேன் எப்படி வந்தது?”

“படு வேகமாக வந்தது ஐயா.”

“மணிக்கு எத்தனை கிலோமீட்டர்?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“வேனை எப்போது பார்த்தீர்கள்?”

“வளைவு திரும்பிய பிறகு. அதுவரை சீமைக் கருவை மரம் மறைத்திருந்தது.”

எதிர்த்தரப்பு வக்கீல் நீதிபதியைப் பார்த்துத் திரும்பினார். “நின்றுகொண்டிருந்த சாட்சிக்கே வேன் தெரியவில்லை. ஓட்டி வந்தவருக்கு ஆள் எப்படித் தெரியும்?”

வளைவில் கண் மறைந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டியது டிரைவர்தானே என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றவில்லை. நான் பதறினேன், வழக்கு சிதறியது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை. வெளியே அந்த அக்காவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “பார்த்ததைச் சொன்னியாப்பா?” என்று கேட்டார்.

1998இல் கர்நாடகத்து லாரி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது: ‘அதிவேகம்’ என்ற ஒரு சொல்லை வைத்துக் குற்றத்தை முடிவு செய்ய முடியாது. அப்படியென்றால் போலீஸ் விபத்து இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரும் வரைபடமும்தான் பேச வேண்டும். சாலை எத்தனை அடி அகலம், டயர் தடம் எவ்வளவு நீளம், எங்கிருந்து பார்த்தால் ஆள் தெரியும், எல்லாவற்றையும் பதறாமல் அன்றைக்கே டேப் வைத்து அளந்து எழுத வேண்டும்.

அப்புறம் அந்தக் கருவை! ஆளையும் மறைக்கிறது, நீதியையும் மறைக்கிறது. சாலை ஓரத்தில் அதை ஏன் வைத்திருக்கிறோம்? வெட்டிவிட்டால் போதாது, மறுபடி தழைத்துவிடும். வேரோடு பிடுங்க வேண்டும். கருவையை வெட்டிக் கரிமூட்டம் போடும் குடும்பங்களின் பிழைப்பைக் கெடுக்க நான் வரவில்லை. கண்மாயில் நிற்கும் கருவையைக்கூட இன்று கேட்கவில்லை. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, வளைவுகளில் மட்டும் கேட்கிறேன்.

நஷ்டஈட்டைப் பற்றிப் பேச நேரமில்லை, மன்னியுங்கள். கலெக்டருக்கு எழுதிய மனு மேடைக்கு இடப்பக்கம் தம்பியிடம் இருக்கிறது. உங்கள் ஊர் வளைவு எது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் அங்கேயே இருக்கிறது.