புல்லுக்குள் போன காதுக் கருவி

(வட்டார அளவிலான மாணவியர் கூடைப்பந்துப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவிலும் சொன்ன நேரத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்களே, கோப்பைகளை வாங்கிக் கொடுத்த வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, இரண்டு நாளும் வெயிலில் நின்று விசில் ஊதிய நடுவர்களே, பிள்ளைகளுக்கு மோர் கொடுத்துக்கொண்டே இருந்த சத்துணவு அம்மாக்களே, பெற்றோர்களே, எல்லாருக்கும் மேலாக, வியர்வை காயாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் செல்லப் பிள்ளைகளே, உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நகர்மன்றத் தலைவருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். போன வருஷம் இதே மேடையில், மைதானத்துக்கு விளக்கு வேண்டும் என்று கேட்டேன். இந்த வருஷம் விளக்கு எரிகிறது. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு இந்தப் பழமொழி மனப்பாடம். இன்றைக்கும் அதைப் பலமுறை சொல்வேன்.

ஒரு கூடைப்பந்து வீராங்கனையின் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்படி சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டவர் அமெரிக்காவின் டமீக்கா கேட்சிங்ஸ். நான்கு விஷயம் சொல்லப் போகிறேன். அவருடைய குழந்தைப்பருவம், ஆட்டம், பெண் ஆட்டக்காரர்களின் சம்பளம், ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார் என்பது.

டமீக்கா 1979 ஜூலையில் பிறந்தவர். அப்பா ஹார்வி கேட்சிங்ஸ், அமெரிக்காவின் ஆண்கள் கூடைப்பந்து லீகான என்பிஏவில் 11 பருவங்கள் ஆடியவர். வீட்டிலேயே பந்து இருந்தது, உயரமும் ரத்தத்தில் இருந்தது. ஆனால் பிறக்கும்போதே இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. பேச்சும் அதனால் தெளிவாக வரவில்லை. சின்ன வயதிலேயே காதுக் கருவி மாட்டிவிட்டார்கள். கண்ணாடி வேறு, பல்லுக்குக் கம்பி வேறு. பள்ளியில் மற்ற பிள்ளைகள் சும்மா விடுவார்களா? தினமும் கேலி.

ஒருநாள் பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிறாள். வழியில் புல் உயரமாக வளர்ந்த ஒரு திடல். அங்கே நின்று காதிலிருந்து கருவியைக் கழற்றி, கை போன மட்டும் வீசி எறிந்துவிட்டாள்.

கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். அது 1980கள். அவளுடையது இன்றைக்கு மாதிரி காதுக்குள்ளே ஒளிந்துகொள்ளும் கருவி இல்லை. பார்த்தவுடனே தெரியும். விலையோ ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டாத விலை. இங்கே உட்கார்ந்திருக்கிற அம்மாக்களைக் கேட்கிறேன், உங்கள் பிள்ளை அப்படி எறிந்துவிட்டு வந்தால் என்ன செய்வீர்கள்? ஒருவர் கையை ஓங்கிக் காட்டுகிறார். இன்னொருவர் தலையில் கை வைக்கிறார். சரி, இரண்டும் நியாயம்தான். ஆனால் அந்தப் பிள்ளையின் பக்கமும் ஒன்று இருக்கிறது. 31 வருஷம் பி.டி. டீச்சராக இருந்த நான் காதுக் கருவியை எங்கெங்கே கண்டெடுத்திருக்கிறேன் தெரியுமா? ஜியாமெட்ரி பாக்ஸுக்குள்ளே. ஷூவுக்குள்ளே. ஒருமுறை டிபன் பாக்ஸில், எலுமிச்சை சாதத்துக்கு அடியில். எல்லாம் வீட்டிலிருந்து மாட்டி அனுப்பிய கருவிதான். பள்ளி வாசலில் கழற்றி ஒளித்துவிடுவார்கள். காது கேட்காததைக்கூடப் பொறுத்துக்கொள்ளும் பிள்ளை, பக்கத்தில் இருக்கிறவள் சிரிப்பதைப் பொறுத்துக்கொள்வதில்லை. டமீக்கா அதைப் புல்லுக்குள் எறிந்தாள். நம் பிள்ளை எலுமிச்சை சாதத்துக்குள் புதைத்தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கருவி கிடைக்கவே இல்லை. இனி வேறு வாங்கித் தருவதில்லை என்று பெற்றோர் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு கல்லூரி வரைக்கும் கருவி இல்லாமலேயே வளர்ந்தாள். முன் பெஞ்சில் உட்கார்ந்து டீச்சரின் உதட்டைப் பார்த்துப் பார்த்துப் படித்தாள். கூடைப்பந்து மைதானத்தில் மட்டும் யாரும் அவளைக் கேலி செய்ய முடியவில்லை. ஏழாம் வகுப்பில் ஒரு காகிதத்தில் தன் லட்சியத்தை எழுதி வைத்தாள்: என்பிஏவில் ஆடுவேன். பெண்களுக்கென்று டபிள்யூஎன்பிஏ என்ற லீக் அப்போது கிடையாது. அது ஆட்டத்தைத் தொடங்கியது 1997இல்தான். இல்லாத வாசலைப் பார்த்து அந்தப் பிள்ளை நடக்க ஆரம்பித்திருக்கிறது. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

1997இல் டெக்ஸாஸ் மாநிலத்தின் டங்கன்வில் பள்ளிக்காக ஆடிய ஓர் ஆட்டத்தில் 25 புள்ளி, 18 ரீபவுண்ட், 11 அசிஸ்ட், 10 ஸ்டீல், 10 பிளாக். ரீபவுண்ட் என்றால் கூடையில் விழாத பந்தைப் பிடிப்பது, அசிஸ்ட் என்றால் கூடை போடத் தோழிக்குப் பந்து கொடுப்பது, ஸ்டீல் என்றால் பந்தைப் பறிப்பது, பிளாக் என்றால் கூடைக்குப் போகும் பந்தைத் தட்டித் தடுப்பது. ஐந்து கணக்கிலும் இரட்டை இலக்கம். பிள்ளைகள் வாயைப் பிளக்கிறீர்கள். பிளக்க வேண்டிய விஷயம்தான்.

அப்புறம் டென்னஸி பல்கலைக்கழகம். அங்கே பயிற்சியாளர் பேட் சம்மிட். 1,098 வெற்றி, 8 தேசியப் பட்டம் பெற்ற பெண்மணி. டமீக்காவின் முதல் வருஷத்தில் அந்த அணி ஆடிய 39 ஆட்டத்திலும் வென்று 1998 பட்டத்தை எடுத்தது. ஆனால் சம்மிட் செய்த பெரிய காரியம் என்று நான் சொல்வது வேறு. மறுபடியும் காதுக் கருவி போட்டுக்கொள்ளும்படி அந்தப் பெண்ணை இணங்க வைத்தவர் அவர்தான். புல்லுக்குள் போன கருவி அத்தனை வருஷம் கழித்துக் காதுக்குத் திரும்பியது ஒரு பயிற்சியாளரால். மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்களே, இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

2001 ஜனவரியில் டமீக்காவின் முட்டியில் லிகமென்ட், அதாவது எலும்புகளை இணைக்கும் நார், கிழிந்தது. அப்படியிருந்தும், டபிள்யூஎன்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, இண்டியானா ஃபீவர் அணி அவரை மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. ஒரு வருஷம் உட்கார்ந்திருந்து, 2002இல் இறங்கி, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். 2007இல் குதிகாலுக்கு மேலே இருக்கும் அகிலிஸ் தசைநார் அறுந்தது. அடுத்த வருஷமே பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம். ஏதென்ஸ், பெய்ஜிங், லண்டன், ரியோ என்று மொத்தம் நான்கு தங்கம். 2011இல் லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர். 2012 இறுதிச் சுற்றில் மினசோட்டா லிங்க்ஸ் அணியை 3-1 என்று வென்று தன் அணிக்கு முதல் கோப்பை. தேர்ந்தெடுத்த அணியை விட்டு நகராமல், 11 வருஷம் காத்திருந்து வாங்கிய கோப்பை அது.

சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது ஐந்து முறை. எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறித்தது, அதாவது ஸ்டீல், மொத்தம் 1,074. டபிள்யூஎன்பிஏவில் வேறு யாரும் அந்த எண்ணை எட்டியதில்லை. இந்த எண்ணில்தான் என் மனம் நிற்கிறது. ஸ்டீல் எடுக்க என்ன வேண்டும்? எதிராளியின் கண் எங்கே போகிறது, தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். உதட்டைப் பார்த்தே உலகத்தைப் படித்து வளர்ந்தவருக்கு அது பழகின பாடம். காது கொடுக்காததைக் கண் சம்பாதித்துக் கொடுத்தது என்று நான் நம்புகிறேன்.

இங்கேதான் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. நல்ல உயரம், நல்ல கை. ஆனால் விசில் ஊதினால் நிற்க மாட்டாள். ‘இடது பக்கம் போ’ என்று கத்தினால் அப்படியே நிற்பாள். திமிர் என்று நினைத்தேன். மைதானத்தைச் சுற்றி ஓட விட்டேன். ஒன்றிரண்டு நாள் இல்லை, பல நாள். அவள் ஒருவார்த்தை பேசாமல் ஓடினாள். பிறகு ஆட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். மூன்று மாதம் கழித்து ஒரு மருத்துவ முகாமில் பார்த்தார்கள். இடது காது கேட்கவே இல்லை, வலது காதில் பாதிதான். அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள். ஆனால் பந்தை மறுபடி தொடவில்லை. அன்றையிலிருந்து நான் எந்த மேடை ஏறினாலும் இதைத்தான் பேசுகிறேன், பேசுவேன்.

பிறந்த ஒரு மாதத்துக்குள் காதுப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறை உறுதியாக வேண்டும், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். இது உலகம் முழுக்க மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. குழந்தைக்கு வலிக்காத, தூங்கும்போதே எடுக்கக்கூடிய சோதனை. சின்னக் குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது கேட்க உதவும் கருவியை உட்காதில் பொருத்தும் அறுவை சிகிச்சை, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே கிடைக்கிறது. கேட்டு வாங்க வேண்டியது நாம். பிறந்தபோது இந்தப் பரிசோதனை விட்டுப்போன பிள்ளைகள்? அவர்களுக்குத்தான் நான் பள்ளியைக் கேட்கிறேன். ஆறாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காதுப் பரிசோதனை. கண்ணாடிக்குக் கண் பார்க்கிறோமே, அதே மாதிரி. கருவி கொடுத்தால் மட்டும் போதாது, பேட்டரியும் வேண்டும். ஒரு பேட்டரி ஒன்றிரண்டு வாரம்தான் வரும். தீர்ந்தவுடன் கருவி பரணுக்குப் போய்விடுகிறது. அப்புறம், நடுவர்கள் விசிலோடு ஒரு கொடியும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சிவப்புத் துணி, ஒரு குச்சி, அவ்வளவுதான் செலவு.

இன்னொன்று. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். இந்த மைதானத்திலாவது அதைச் சொல்லாமல் இருப்போமா?

சம்பளத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்க்கிறார். அமெரிக்காவில் சீசன் முடிந்தவுடன் பெண் ஆட்டக்காரர்கள் பிழைப்புக்காக வெளிநாட்டுக்குப் போனார்கள், டமீக்காவும் தென்கொரியா, ரஷ்யா என்று போய் ஆடினார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். 2016இல் ஓய்வு பெற்றார். அடுத்த வருஷம் இண்டியானாபொலிஸில் தான் வழக்கமாகப் போகும் தேநீர்க் கடையை மூடப் போகிறார்கள் என்று தெரிந்து, அதையே வாங்கிவிட்டார். 2004இலேயே அக்காவோடு சேர்ந்து பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளையும் தொடங்கியிருந்தார். கூடைப்பந்தில் பெரும்புகழ் பெற்றவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமின் 2020ஆம் ஆண்டு வரிசையில், என்பிஏ நட்சத்திரம் கோபி பிரையன்ட்டோடு அவர் பெயரும் வந்தது. அப்பாக்கள் இத்தாலியில் ஆடிய காலத்தில் இரண்டு பேரும் அங்கே சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசலாம்.

நகர்மன்றத் தலைவர் அவர்களே, விளக்கு கொடுத்தீர்கள். இந்த வருஷம் நான் கேட்பது, நம் ஊர்ப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வருஷத்தில் ஒருநாள் காதுப் பரிசோதனை முகாம். கொடுக்கும்வரை கேட்பேன். அம்மி நகரும் என்று எனக்குத் தெரியும்.

பெற்றோர்களே, வாசல் பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். கோரிக்கை மனு அங்கே இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். உங்கள் பிள்ளை டிவி சத்தத்தை அதிகம் வைக்கிறாள், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று தோன்றினால், அவள் பெயரையும் வகுப்பையும் அங்கேயே எழுதிக் கொடுங்கள். அந்தப் பிள்ளைகளை அரசு மருத்துவமனைக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

நன்றி, வணக்கம்.