உத்திரமேரூர்: குடவோலையும் ஏரியும்

எல்லாருக்கும் வணக்கம்.

உத்திரமேரூர் என்றதும் நம்மில் பலருக்குக் குடவோலை நினைவுக்கு வரும். பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். நான் இன்று அந்த ஊரின் ஏரியிலிருந்து தொடங்குகிறேன்.

வடக்கே காஞ்சிபுரம், தென்கிழக்கே மதுராந்தகம், தென்மேற்கே வந்தவாசி. நடுவில் இருக்கிறது இந்தப் பேரூர். பாலாறும் செய்யாறும் பக்கத்தில் ஓடினாலும், ஆண்டு முழுக்கத் தண்ணீர் தரும் ஆறுகள் அல்ல அவை. வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற சில வாரங்களில் பிடித்து வைத்தால்தான் நெல். அதனால் ஏரி இல்லாமல் இங்கே ஊர் இல்லை. பல்லவர் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக, அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊராக எழுந்தது இது. பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயரால் ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர் வந்தது.

சரி, ஏரி வந்துவிட்டது. கரையை யார் பார்ப்பது? மதகை யார் திறப்பது? வண்டல் சேர்ந்தால் யார் வாருவது? இந்தக் கேள்விகளுக்கு ஊர்ச் சபை எழுதிவைத்த பதில்தான் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இல் ஒரு தடவை தீர்மானம் போட்டார்கள். 921இல் அதைத் திருத்தினார்கள். இரண்டே ஆண்டில் திருத்தியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். முதல் விதியில் ஓட்டை தெரிந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

ஊர் முப்பது குடும்புகளாக, இன்றைய வார்டுகளைப் போலப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். சிறுவர் முதல் முதியோர் வரை சபையில் கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தரிடம் கொடுப்பான். அவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது! படித்ததும் அங்கிருந்த நம்பிமாரும் அதை வாங்கிப் படிக்க வேண்டும்.

இப்படிக் குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்த முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டுக் குழு, பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியாகக் குடவோலை.

என்னை வியக்க வைப்பது கணக்கு விதிதான். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் ஓலையில் ஏறக் கூடாது. அவர் மட்டுமா? தகப்பன், பிள்ளை, மருமகன், தாய்மாமன், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள் வரை நீள்கிறது தடை. கணக்கு எழுதுபவரும் தம் கணக்கை ஒப்புவித்து நேர்மையானவர் என்று பெயர் வாங்கினால்தான் மறுபடி வேலை.

இதை முழு மக்களாட்சி என்று மேடையில் முழங்குவது சரியல்ல. வரி கட்டும் கால்வேலி நிலம், அதாவது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35 முதல் 70 வயது என்று தகுதிகள் இருந்தன. அது பிராமணர் சபை. ஏரிக்கரையில் மண் சுமந்தவர்களுக்கும், வயலில் நாற்று நட்ட பெண்களுக்கும் குடத்தில் ஓலை இல்லை. அந்தக் கதவைத் திறந்தது நம் அரசியல் சட்டம். தமிழ்நாட்டில் இன்று உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு.

ஆனால் ஒன்று கைநழுவிப் போயிற்று. உத்திரமேரூர் இன்று பேரூராட்சி, நகர்ப்புற உள்ளாட்சிக் கணக்கில் வருகிறது. குடிநீர், தெருவிளக்கு, குப்பை, வடிகால் எல்லாம் அதன் பொறுப்பு. 1994 ஊராட்சிச் சட்டம் தரும் கிராம சபையோ கிராம ஊராட்சிகளுக்கு மட்டும். பெரிய ஏரிகள் மாநில அரசின் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. சபைக்கும் ஏரி வாரியத்துக்கும் பேர்போன ஊரில், வார்டு உறுப்பினரிடம் போய் மதகைப் பற்றிக் கேட்டால் அவர் வேறொரு அலுவலகத்தைத்தான் காட்ட முடியும். பெரிய ஏரிக்குப் பொறியாளர் வேண்டும், அதை மறுக்கவில்லை. கரைக்கும் தூர்வாரலுக்கும் செலவான பணத்தின் கணக்கையாவது ஆண்டுக்கு ஒருமுறை ஊரார் முன் உரக்கப் படிக்க வேண்டும் என்று கேட்கிறேன். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு நாளும் ஒரு பந்தலும் போதும்.